இருபதுக்கு முட்டை

தப்பு என்மேல் இல்லை, அக்கா மேல்தான். இதை எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வேன்.

எங்கள் கணக்கு விளையாட்டுக்கு நிரல் எழுதுவது நான், படம் வரைவது அவள். ஒரு கேள்விக்கு நான்கு விடைகள். சரியானதைத் தொட்டால் கோழி சமர்த்தாகக் கூடையில் முட்டையிடும். தப்பானதைத் தொட்டால், கீழே நாளிதழ் படிக்கும் மீசைக்காரர் தலையில் முட்டை பொதக்கென்று உடையும். அவர் அச்சு அசலாக எங்கள் பெரியப்பா. கேட்டால் இல்லவே இல்லை என்பாள். மஞ்சள் கரு மீசையில் வழிவதை மட்டும் மூன்று வாரம் வரைந்தாள். கூடையையும் கொஞ்சம் கவனி என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே!

இரண்டு பள்ளிகள் ஏற்கெனவே கையை விரித்துவிட்டன. இந்த மூன்றாவதும் வேண்டாமென்றால் கடையை மூடிவிட்டு, அக்கா பழையபடி பற்பசைப் பெட்டிக்குப் படம் வரையப் போகவேண்டியதுதான்.

மூன்றாம் வகுப்பில் முப்பது பிள்ளைகள், ஆளுக்கொரு டேப்லெட், இருபது கேள்விகள். வகுப்பே கொல்லென்று சிரித்தது. மதிப்பெண் பட்டியலைப் பார்த்த தலைமையாசிரியை மட்டும் சிரிக்கவில்லை.

"என்னம்மா இது? இருபத்தொன்பது பேர் முட்டை! வாய்ப்பாடு தெரிஞ்ச பிள்ளைங்கம்மா. தெரிஞ்சதையும் மறக்கடிச்சிட்டீங்களே. எடுத்துட்டுப் போங்க."

நான் அக்காவை முறைத்தேன். அவள் சுவரைப் பார்த்தாள்.

அப்போதுதான் முன்வரிசையில் விசும்பல் கேட்டது. முப்பதாவது பிள்ளை. இருபதில் ஒன்றே ஒன்று சரி.

"உனக்கு ஒண்ணாவது வந்துச்சே, ஏன் கண்ணு அழறே?" என்றாள் அக்கா.

"தப்புன்னு நெனச்சுத்தான் அதைத் தொட்டேன்! என் கோழி மட்டும் கூடையில போட்டுடுச்சு!"

எனக்குப் பொறி தட்டியது.

"மேடம், கண்ணை மூடிக்கிட்டுத் தொட்டாலே நாலுக்கு ஒண்ணு சரியா விழுமே! இருபதும் தப்பாகணும்னா, இருபதுக்கும் சரியான விடை தெரிஞ்சிருக்கணும்!"

தலைமையாசிரியை நம்பவில்லை. இதற்குள் பக்கத்து இருக்கைக்காரி அழுதவளின் காதைக் கடித்தாள். கிசுகிசுப்பு எங்கள் மூவருக்குமே கேட்டது.

"ஏழெட்டு அம்பத்தாறுடி. நல்லா ஞாபகம் வச்சுக்கோ. அதை மட்டும் தொட்டுடாதே."

தலைமையாசிரியை பட்டியலை மடித்து வைத்தார். ஒரு டேப்லெட்டை எடுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். முதல் கேள்வியிலேயே மீசைக்காரர் தலை நனைந்தது.

"சரி, விட்டுட்டுப் போங்க" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நாங்கள் கதவைத் தாண்டும்போது உள்ளிருந்து "ச்சே!" என்று ஒரு சத்தம். எதையோ சரியாகத் தொட்டுவிட்டார் போலிருக்கிறது.