ஒன்பதேகால் அங்குலம்

கையை மேசைமேல் வைத்து விரித்தால், கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை ஒன்பது அங்குலமாவது இருக்க வேண்டும். இருந்தால் அவன் அமெரிக்கக் கால்பந்தில் குவாட்டர்பேக், பந்தை எறிகிறவன். எட்டேமுக்கால் என்றால் அவன் வேறு ஏதாவது நல்ல வேலையாகப் பார்த்துக்கொள்ளலாம். பந்து வழுக்கிவிடுமாம், குளிரில் பிடி நிற்காதாம். எந்த மகான் இதைக் கண்டுபிடித்தார் என்று எனக்குத் தெரியாது. டொலிடோ அணியின் அலுவலகத்தில் இதை யாரும் கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை. நானும் கேட்டதில்லை.

என் பெயர் ராய் ஸ்டெம்பர். பத்தொன்பது வருடமாக அந்த அணிக்கு ஆள் பார்த்துக் கொடுக்கிறேன். ஸ்கவுட் என்பார்கள். ஆகஸ்ட் தொடங்கி மார்ச் வரை அயோவா, நெப்ராஸ்கா, இரண்டு டகோட்டாக்கள் என்று காரிலேயே குடித்தனம். கல்லூரி கல்லூரியாகப் போய், எந்தப் பையன் நாளைக்குத் தேறுவான் என்று எழுதி அனுப்ப வேண்டும். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட எங்கள் அளவுக்கு விசாரிக்க மாட்டார்கள். உயரம், எடை, அம்மா எப்படி, காதலி எப்படி, பத்தாம் வகுப்பில் யாரையாவது அடித்தானா, எல்லாம் வேண்டும். கடைசியில் அரை டவுசரோடு ஓடவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்போம். ஏப்ரல் கடைசியில் டிராஃப்ட். முப்பத்திரண்டு அணிகளும் முறை வைத்து, மூன்று நாளில் ஏழு சுற்றாக, இந்தப் பையன்களைப் பொறுக்கிக்கொள்ளும். அது முடிந்த அடுத்த மாதம் எங்கள் ஒப்பந்தமும் முடியும். வருடம் முழுக்க அலைந்தவனைக் கூப்பிட்டு, இருக்கிறாயா போகிறாயா என்று கேட்க இதைவிட வசதியான மாதம் கிடையாது.

போன பருவத்தில் பதினேழு ஆட்டத்தில் பதினான்கு தோற்றோம். ஆறு வருடத்தில் ஐந்து குவாட்டர்பேக். பந்தை வாங்கி, தன்மேல் பாய வருகிறவர்களுக்கு நடுவே நின்று, யாருக்கு எறிவது என்று மூன்று விநாடிக்குள் முடிவு செய்கிறவன் அவன்தான். அவன் சொதப்பினால் மற்றப் பத்துப் பேரும் சும்மா. ஐந்து பேரையும் நாங்கள் அளந்துதான் எடுத்தோம். ஒருவனுக்கும் கை பத்து அங்குலத்துக்குக் குறையாது. அவ்வளவு பெரிய கைகளால் பந்தை எதிரணிக்கு எவ்வளவு மரியாதையாகக் கொடுத்தார்கள் என்பதை டொலிடோக்காரர்கள் இன்னும் மறக்கவில்லை.

டோபின் ராஷ்கேயை நான் பார்த்தது ப்ளேயர்ஃபோர்க் என்ற சின்னக் கல்லூரியில். அயோவாவில், நான்கு பக்கமும் அறுத்த சோளக்காட்டுக்கு நடுவே ஒரு மைதானம். அக்டோபர் மழை. பார்வையாளர் நானூறு பேர் இருந்தால் அதிகம். நான் பார்க்கப் போனது எதிரணியில் ஒரு தடியனை. ஆனால் கண் இந்தப் பையனை விட்டு நகரவில்லை. இடதுபக்கம் பார்ப்பான், எதிரணி மொத்தமும் இடதுபக்கம் சாயும், பந்து வலதுபக்கம் ஓடுகிறவன் வயிற்றில் போய் உட்காரும். எறிந்த மறுகணம் இரண்டு பேர் சேர்ந்து அவனைச் சேற்றில் புதைப்பார்கள். முகவாயில் ரத்தத்தோடு எழுந்தவன், பந்தைத் தவறவிட்ட தோழனிடம் போய் ஏதோ சொல்ல, அழப்போன அந்தப் பையன் சிரித்தான். நான் மறுபடி மூன்று முறை போனேன், மேலிடத்துக்குச் சொல்லாமல். பத்தொன்பது வருடத்தில் ஆயிரக்கணக்கான பையன்களைப் பற்றி எழுதியிருக்கிறேன். இவனைத்தான் எனக்குப் பிடித்திருந்தது.

சின்னக் கல்லூரி என்பதால் பிப்ரவரியில் பெரிய பையன்களை எல்லாம் ஒரே இடத்தில் கூட்டி அளக்கும் சந்தைக்கு அவனுக்கு அழைப்பு வரவில்லை. மார்ச்சில் அவன் கல்லூரிக்கே நாங்கள் போனோம். பதினொரு அணிகளிலிருந்து பதினொரு ஸ்கவுட். இதில் ஒரு வழக்கம் உண்டு. எல்லோரும் அளந்துகொண்டிருந்தால் பொழுது போய்விடும், சாப்பாடு ஆறிவிடும். அதனால் ஒருவர் அளந்து சத்தமாகச் சொல்வார், மற்றவர்கள் எழுதிக்கொள்வார்கள். அந்தத் தாள்தான் பிறகு முப்பத்திரண்டு அணிகளுக்கும் போகும். அளக்கிற வேலை வயதில் மூத்தவனுக்கு. அன்றைக்கு மூத்தவன் நான்.

டோபின் கையை மேசைமேல் விரித்தான். ஒன்பதேகால். இரண்டு முறை பார்த்தேன், ஒன்பதேகால்தான்.

"எட்டேமுக்கால்," என்றேன் உரக்க.

என் மூளையைப் பாருங்கள். மற்றவர்கள் இவனை ஒதுக்கிவிடுவார்கள், எங்கள் மேனேஜரிடம் மட்டும் உண்மையைக் காதில் போட்டுவைக்கலாம், ஐந்தாவது சுற்றில் சத்தமில்லாமல் தூக்கிக்கொள்ளலாம் என்று கணக்கு. பத்துப் பேனாக்கள் எட்டேமுக்கால் என்று எழுதின. ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மேற்குப் பக்கத்து அணி ஒன்றின் ஸ்கவுட் ஹாங்க் மட்டும் உச்சுக்கொட்டினான்.

"பாவம்யா. நல்லாத்தான் எறியிறான். கை குடுத்து வெக்கல," என்று சொல்லிவிட்டு, பொரித்த பன்றிக்கறி சாண்ட்விச் இருந்த மேசைப் பக்கம் போனான்.

டோபின் என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டான்.

"சார், வீட்ல அளந்தப்ப ஒன்பதேகால் வந்துச்சே."

"வீட்ல அழுத்தி விரிச்சு அளப்பீங்க தம்பி. இங்க சும்மா வெக்கணும். அதான் முறை."

"அப்படியா சார். எனக்குத் தெரியாமப் போச்சு."

அதற்குமேல் அவன் வாதாடவில்லை. உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனான். எனக்கு என் சாமர்த்தியத்தை நினைத்துச் சிரிப்புதான் வந்தது.

ஏப்ரலில் டொலிடோவில் கூட்டம். எங்கள் மேனேஜர் வாரன் கில்ஃபாயில் சுவர் முழுக்கப் பையன்களின் பெயர் அட்டைகளை ஒட்டிவைத்திருந்தார். உச்சியில் சேஸன் வின்த்ரோப். ஆறடி ஐந்து அங்குலம், கை பத்தரை, பல் வரிசை பற்பசை விளம்பரத்துக்கு ஆகும். அவன் கல்லூரியில் பாட்டுப் போட்டு, அரை டவுசரில் அறுபத்தெட்டு முறை எறிந்து காட்டினான். எதிரில் தடுக்க ஒருவனும் இல்லை. வாரன் அதைப் பார்த்துவிட்டு வந்து, காதல் வந்தவர் மாதிரி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. போன பருவத்து நிஜ ஆட்டங்களில், எதிரில் ஆள் இருக்கும்போது, அந்தப் பிள்ளை பந்தைப் பதினாறு முறை எதிரணிக்கு எறிந்திருந்தான். அதை ஒருவர் மெதுவாக எடுத்துச் சொன்னார்.

"அதெல்லாம் நாம சரி பண்ணிக்கலாம். உயரத்த நாம வளக்க முடியுமா?" என்றார் வாரன். அறையே தலையாட்டியது.

டோபினின் அட்டை வந்தது. வாரன் எட்டேமுக்கால் என்று படித்தார், இரண்டு விரலால் அதைச் சுவரிலிருந்து எடுத்தார், மேசைக்கடியில் இருந்த அட்டைப்பெட்டியில் போட்டார். எல்லோரும் வெளியே போகும்வரை நான் காத்திருந்தேன்.

"வாரன், அந்த ராஷ்கே பையனப் பத்தி ஒன்னு சொல்லணும்."

"யாரு, அந்தச் சின்னக் கைப் பையனா?"

"சின்னக் கை இல்ல. ஒன்பதேகால். மத்தவங்க கண்ணுல படக்கூடாதுன்னு நான்தான் குறைச்சு சொன்னேன்."

வாரன் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் தோளில் கை போட்டார்.

"யோவ் ராய், போன வருஷம் நம்ம டெக்சாஸ் ஸ்கவுட் என்ன சொன்னான், ஞாபகம் இருக்கா? அவன் பாத்த பையன் ஓடுன அன்னிக்கு எதிர்க்காத்து அடிச்சுதாம். அதுக்கு முந்தின வருஷம் ஒருத்தன், பையன் காலைல சாப்பிடலன்னான். மனசுக்குப் பிடிச்சுட்டா எல்லாப் பையனுக்கும் கை வளந்துடுதுய்யா."

"நானே அளந்தேன். என் கண்ணால பாத்தேன்."

"தாள்ல என்ன இருக்கு?"

"எட்டேமுக்கால்."

"யார் கையெழுத்து?"

"என்னோடதுதான். ஆனா அது பொய்."

"அப்ப நீ பொய் எழுதற ஆளு. இப்ப சொல்றது மட்டும் நெஜம்னு நான் எத வெச்சு நம்பறது? முப்பத்திரண்டு டீம்லயும் எட்டேமுக்கால்னுதான் இருக்கு. அத்தன பேரும் முட்டாளா?"

"அத்தன பேரும் எழுதினது நான் சொன்னதத்தான் வாரன்."

"அதத்தான் நானும் சொல்றேன். ஊரே உன்ன நம்புது. நீ ஒருத்தன் உன்ன நம்பாட்டி எப்படி?"

பையனை இங்கேயே வரவழைத்துத் திரும்ப அளக்கலாம் என்றேன். டிராஃப்டுக்கு முன்னால் முப்பது பேரைத்தான் வரவழைக்கலாம், முப்பதும் முடிந்துவிட்டது, கடைசி ஆளாக வின்த்ரோபின் அறைத்தோழன் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனான் என்றார். வின்த்ரோப் குறட்டை விடுவானா என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்களாம்.

"இன்னொன்னு," என்று வாரன் குரலைத் தாழ்த்தினார். "நீ நெஜமாவே அப்படிப் பண்ணியிருந்தேன்னா, லீக் ஆபீசுக்குத் தெரிஞ்சா உன் வேல போயிடும். என் வேலயும் போயிடும். அதனால நீ பண்ணல. புரியுதா? அடுத்த மாசம் உன் ஒப்பந்தத்த உக்காந்து பேசலாம்."

புரிந்தது. அன்று மாலை ஹாங்கின் எண்ணை எடுத்துப் பார்த்தேன். ஒரு போன் போதும். அவனுக்குச் சொன்னால் அவன் நாலு பேரிடம் சொல்வான், பையன் எங்காவது ஒரு கரை சேர்ந்திருப்பான். நான் கூப்பிடவில்லை. ஐம்பத்தாறு வயதில் புது வேலைக்கு எங்கே போவது என்று யோசித்தேன். கோழைத்தனம் என்பதைத் தவிர இதற்கு வேறு நல்ல பெயர் தேடிப்பார்த்தேன், கிடைக்கவில்லை.

வியாழக்கிழமை முதல் சுற்றிலேயே வின்த்ரோபை எடுத்தோம். அணியின் உரிமையாளர் அழுதார். வெள்ளிக்கிழமை, பார்க்க ஆட்டக்காரர்கள் மாதிரி இருந்த இரண்டு பேரை எடுத்தோம். சனிக்கிழமை ஏழாவது சுற்றில் எங்களுக்கு ஒரு முறை பாக்கி இருந்தது. நான் வாரனின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து, "கடைசி சுத்துதானே, என்ன போயிடப்போவுது, ராஷ்கேய எடுங்க," என்று கெஞ்சினேன். பத்தொன்பது வருடத்தில் நான் யாருக்காகவும் கெஞ்சியதில்லை. வாரன் என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு, குனிந்து காலிடுக்கு வழியாகப் பந்தைப் பின்னால் அனுப்புவதற்கென்றே இருக்கும் ஒருவனை எடுத்தார். ஒரு ஆட்டத்தில் ஏழெட்டு முறை குனிவது அவன் வேலை. அவன் கை பத்தேகால்.

டிராஃப்ட் முடிந்ததும் யாரும் எடுக்காத பையன்களுக்கு எல்லா அணிகளும் போன் போடும். வந்து ஒரு மாதம் முகாமில் ஓடிப் பார், தேறினால் பார்க்கலாம் என்று. வாரன் பெருந்தன்மையாக என்னிடம் சொன்னார்.

"உன் பையனக் கூப்டுக்கோ போ. முகாமுல பந்து எறிய நாலாவது கை ஒன்னு வேணும்."

நான் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டான். பின்னால் ஆட்கள் பேசும் சத்தம், நாற்காலி மடக்கும் சத்தம். அவன் ஊர் தீயணைப்புக் கூடத்தில் பெரிய டிவி வைத்து, ஊரே மூன்று நாளாக அவனோடு உட்கார்ந்திருந்ததாம்.

"தம்பி, நான் ராய் ஸ்டெம்பர். டொலிடோலேர்ந்து."

"தெரியும் சார். உங்க நம்பர வெச்சிருக்கேன்."

"முகாமுக்கு வா. நான் ஏற்பாடு பண்றேன்."

அவன் கூட்டத்தை விட்டுத் தள்ளி வந்தான் போல, பின்னால் சத்தம் குறைந்தது.

"ரொம்ப நன்றி சார். ஆனா வர முடியாது. எறிய முடியல."

"என்ன ஆச்சு?"

"நீங்க அளந்தீங்கல்ல சார், அதுக்கப்பறம் டி மாய்ன்ல ஒரு பயிற்சியாளர்கிட்ட போனேன். எட்டேமுக்கால் கைக்குப் பழைய பிடி ஆகாது, பெரிய அணிக்குப் போனா வழுக்கும்னு சொல்லி வேற மாதிரி பிடிக்க வெச்சார். அதுல முழங்கை போயிடுச்சு. டாக்டர் இந்த வருஷம் பந்தையே தொடக்கூடாதுன்னுட்டார். பள்ளிக்கூடத்துல கணக்கு சொல்லிக்குடுக்க எடம் இருக்குன்னாங்க. போகலாம்னு இருக்கேன்."

எப்படியோ சொல்லிவிட்டேன்.

"டோபின், உன் கை எட்டேமுக்கால் இல்ல. ஒன்பதேகால். நான் பொய் சொன்னேன். உன்ன வேற யாரும் எடுத்துடக்கூடாதுன்னு சொன்னேன்."

அந்தப் பக்கம் மெல்லிய சிரிப்பு கேட்டது.

"நீங்க ஆறுதலுக்குச் சொல்றீங்க சார்."

"இல்லப்பா. சத்தியமா. பக்கத்துல ஒரு ஸ்கேல் இருந்தா எடு, இப்பவே வெச்சுப் பாரு."

"அழுத்தி விரிச்சா ஒன்பதேகால் காட்டும் சார். சும்மா வெக்கணும்னு நீங்கதான சொன்னீங்க. தெனம் காலைல வெச்சுப் பாக்கறேன். எட்டேமுக்கால்தான் வருது."

யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். நாற்காலிகளை அடுக்கணும், கூடத்தைத் திருப்பித் தரணும் என்றான். வைப்பதற்கு முன்னால், என்னைத் தேற்றுகிற குரலில் சொன்னான்:

"நீங்க மனசக் கஷ்டப்படுத்திக்காதீங்க சார். அத்தன பேர்ல நீங்க ஒருத்தர்தான் என்கிட்ட நெஜத்தச் சொன்னீங்க."