கீழ் இமைக்குள் சிவப்பு

"அம்மா, அத்தைக்குக் கண்ணுக்குள்ள சிவப்பா இருக்கு. உனக்கு மட்டும் ஏன் வெள்ளையா இருக்கு?"

மருத்துவமனையில் பார்த்ததை வீட்டில் விளையாட்டாகச் செய்துகொண்டிருந்த மகள், தையல்காரியின் கீழ் இமையை இழுத்துப் பிடித்துக் கேட்டாள். தையல்காரி அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

அவளும் நாத்தனாரும் எச்.ஐ.வி.யோடு வாழ்கிறவர்கள். ஒரே மாத்திரையை ஒன்றாகத் தொடங்கியவர்கள். எதிரெதிர் வீடு. சலவைக்கூடத்தில் நாளெல்லாம் நின்று வேலை செய்கிற நாத்தனார் கன்னம் பூரித்து வளையவந்தாள். உட்கார்ந்து தைக்கிற இவளுக்கோ ஊசியில் நூல் கோப்பதற்குள் படபடத்தது. குடத்தைத் தூக்கிக்கொண்டு மாடியேறினால் பாதிப் படியில் உட்கார வேண்டியிருந்தது. எதிர்வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டாலே வயிறெரிந்தது. ஒருநாள் கும்பிட நின்றபோது, 'எனக்குக் குறைத்ததை அவளுக்கும் குறை' என்று கேட்டேவிட்டாள்.

அடுத்த பரிசோதனைக்கு இருவரும் சேர்ந்தே போனார்கள்.

"களைப்பு, மூச்சிரைப்பு ஏதாவது இருக்காம்மா?" என்றார் நர்ஸ்.

நாத்தனாரின் காதில் விழ அதைச் சொல்வதா?

"ஒண்ணுமில்ல. கல்லு மாதிரி இருக்கேன்."

"கல்லுதான் சிஸ்டர். படியில உக்காந்தா நகரவே மாட்டேங்குது," என்றாள் நாத்தனார். "இவ ரத்தத்தைக் கொஞ்சம் பாருங்க."

"உங்க வேலையப் பாருங்க அண்ணி."

"இதுவும் என் வேலைதான்டி."

பரிசோதித்ததில், ரத்த அளவு இருக்க வேண்டியதில் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது.

"கிருமியை அடக்குற இந்த மாத்திரையே சிலருக்கு ரத்தம் ஊற விடாது," என்றார் டாக்டர். "உங்க தப்பு இல்ல. ஆனா இன்னும் மறைச்சிருந்தா இதயம் தாங்கியிருக்காது. ரத்தம் ஏத்திட்டு வேற மாத்திரை தர்றேன்."

வீடு திரும்பிய பிறகு, காலையில் கதவைத் திறந்தால் வாசலில் அவளுடைய தண்ணீர் டிரம் நிறைந்திருக்கும். யார் தூக்கி வந்தது என்று தெரியும். தன் தண்ணீரையும் சுமந்து இவள் தண்ணீரையும் சுமக்கிற அந்தத் தெம்பின் மேல் அப்போதும் பொறாமைதான்.

சில மாதங்களில் மகள் மறுபடி இமையை இழுத்துப் பார்த்தாள். "இப்ப அத்தை மாதிரியே இருக்கும்மா."

மறுநாள் மகள் பள்ளிக்கும் நாத்தனார் வேலைக்கும் போயிருந்தார்கள். தையல்காரி எங்கும் உட்காராமல் குடம் குடமாகத் தூக்கி, எதிர்வீட்டு வாசல் டிரம்மை விளிம்புவரை நிரப்பி மூடினாள். அங்கேயே கண்மூடி நின்று, அன்று கும்பிட்டுக் கேட்டதைத் திருப்பி எடுத்துக்கொண்டாள்.

பிறகு காலிக் குடத்தோடு வந்து, பாதியில் விட்ட தையலைத் தொடர்ந்தாள்.