மச்சினன் பூசிய முலாம்

கொட்டகைக் கதவைத் தள்ளியதுமே அந்தப் பளபளப்பு கறாரம்மாவின் கண்ணைக் குத்தியது. விமானத்தின் இரண்டு சக்கரங்களுக்கும் மேலே, நேற்று வரை கறுப்பாக, அடக்க ஒடுக்கமாக இருந்த ஸ்பிரிங்குகள், புதுப் பணக்காரன் வீட்டுக் குளியலறைக் குழாய் மாதிரி மின்னின.

"இது யார் வேலை?"

இறக்கைக்கு அடியில் படுத்திருந்த வாத்தியார் தலையை மட்டும் நீட்டினார். "உன் தம்பிதான். துடைச்சுத் தர்றேன்னு கழட்டிட்டுப் போனான். குரோம் முலாம் போட்டுக் கொண்டு வந்துட்டான். பாவம், ஆசையா."

கறாரம்மா என்பது கடைத்தெரு வைத்த பெயர். நட்டு, போல்ட்டு, ஆணி, சங்கிலி விற்கிற அப்பாவின் கடை இப்போது அவள் கையில். அவள் ஒரு விலை சொன்னால் சொன்னதுதான். கணக்கு வாத்தியாரான அவள் புருஷனோ, கடைக்காரன் கேட்டதற்கு மேல் கொடுத்து, சில்லறை இல்லாததற்கு மன்னிப்பும் கேட்டுவிட்டு வருகிற ரகம்.

அந்த ஸ்பிரிங்குக்காக மனிதர் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். ஒரு முழு விமானத்தைத் தன் கையால் கட்டியவர், ஸ்பிரிங்கில் வந்து மாட்டிக்கொண்டார். முதலில் ஸ்கூட்டர் ஸ்பிரிங். இரண்டு ஆள் எடைக்கு ஆணி மூட்டை ஏற்றியதும், அடைகாக்கும் கோழி மாதிரி விமானம் அப்படியே அமுங்கி உட்கார்ந்துவிட்டது. சரி, கெட்டியாகவே இருக்கட்டும் என்று வேன் ஸ்பிரிங் போட்டார். அது அசைந்தே கொடுக்கவில்லை. முழங்கால் உயரத்திலிருந்து கீழே விட்ட அடியில் சீட்டுக்கு அடியில் இருந்த குழாய்ச் சட்டமே வளைந்துபோனது. "நிக்கும்போது மூணுல ஒரு பங்கு அமுங்கணும். மிச்சம் ரெண்டு பங்கு எறங்குற அடிக்கு வேணும்" என்று சாப்பாட்டுத் தட்டு முன்னாலும் அதே பேச்சு. ஊரில் இருக்கிற மெக்கானிக் கடை, பழைய இரும்புக் கடை எல்லாம் ஏறி இறங்கி, கிடைத்ததையெல்லாம் மூட்டை வைத்து அமுக்கி, ஸ்கேல் வைத்து அளந்து, கடைசியில் ஒரு பெரிய மோட்டார் சைக்கிளின் பின்சக்கர ஸ்பிரிங் ஜோடி கனகச்சிதமாக அமைந்தது. வீட்டுக்கும் நிம்மதி வந்தது.

நாளைக் காலையில் முதல் தடவையாகப் பறக்கப் போகிறார்.

"சரி, துருப் பிடிக்காதில்ல? நல்லதுதானே?" என்றாள்.

வாத்தியார் "ம்ம்" என்றார். அந்த 'ம்ம்'மை அவள் கல்லாவில் உட்கார்ந்து ஆயிரம் தடவை கேட்டிருக்கிறாள். விலை கட்டாது, ஆனால் சொல்ல வெட்கப்படுகிற வாடிக்கையாளனின் 'ம்ம்'.

"எழுந்து வெளிய வாங்க. என்ன விஷயம்?"

அவர் எழுந்து கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார். "ஸ்பிரிங் கம்பி ரொம்ப இறுகின எஃகு. முலாம் தொட்டியில முக்கும்போது ஹைட்ரஜன் உள்ள புகுந்துடும். எடுத்த கையோட நல்லா சூடு காட்டி அதை வெளியேத்தணும். இல்லேன்னா வெளிய மின்னும், உள்ள பிஸ்கட்டு."

"சூடு காட்டினானா?"

"கேக்கலை."

"ஏன் கேக்கலை?"

"இவ்ளோ ஆசையா செஞ்சிருக்கான். கேட்டா நல்லாருக்காது."

கறாரம்மாவுக்கு உச்சந்தலை வரை ஏறியது.

"நல்லாருக்காதா? நாளைக்கு எறங்கும்போது சக்கரம் மடங்கித் தலைகுப்புறப் புரண்டா, அது ரொம்ப நல்லாருக்குமோ?"

"ஒரே ஒரு தடவைதானே. மெதுவா எறக்கிடுவேன். அப்புறம் அவனுக்குத் தெரியாம நைசா மாத்திக்கலாம்னு..."

அவள் பிறந்த வீட்டில் குழந்தைகள் 'அம்மா'வுக்கு அடுத்துக் கற்ற வார்த்தை 'வேண்டாம்'. வேண்டாம் என்று செருப்பை மாட்டினால்தான் அங்கே வியாபாரமே சூடு பிடிக்கும். அந்த ஒரு வார்த்தை சொல்ல வராமல் சாகத் தயாராக ஒருவர் நிற்கிறார், அதுவும் கட்டின புருஷன்.

அந்த நேரம் பார்த்துத் தம்பி உள்ளே வந்தான். கார் அலங்காரக் கடை வைத்திருப்பவன். எதைக் கண்டாலும் ஒன்று மினுக்குவான், இல்லை ஸ்டிக்கர் ஒட்டுவான். அக்காவின் கல்லாப்பெட்டியில்கூட ஒரு பாயும் புலி இருக்கிறது.

"பாத்தியா அக்கா? கண்ணு கூசுதுல்ல? சொந்தக்காரங்க மொத்தப் பேருக்கும் சொல்லிட்டேன். நாளைக்கு போட்டோவுல சும்மா பிச்சுக்கும்!"

கறாரம்மா மேலிருந்து தொங்கிய கொக்கியை விமானத்தில் மாட்டினாள். உத்தரத்துக் கப்பியின் சங்கிலியைப் பிடித்து இழுத்தாள். விமானம் முழங்கால் உயரத்துக்கு எழும்பியது.

"ஏறி உக்காருடா."

"நானா?"

"உன் ஸ்பிரிங்குதானே? கொக்கியைத் தட்டி விடறேன். எப்படித் தாங்குதுன்னு பாப்போம்."

அவனுக்கு வாயெல்லாம் பல். ஏறி உட்கார்ந்து, இல்லாத கூட்டத்துக்குக் கையும் ஆட்டினான். அவள் கொக்கியில் கை வைத்தாள். பார்வை மட்டும் புருஷன் மேல்.

"விடவா?"

"இறங்கு!" வாத்தியார் போட்ட சத்தத்தில் கூரையிலிருந்த புறாக்கள் பறந்தன. "மாப்ளே, கீழ இறங்குடா! உடைஞ்சா முதுகெலும்பு போயிடும்!"

வகுப்பில்கூடக் குரல் உயர்த்தாத மனிதர். தம்பி தடுமாறி இறங்கினான். வாத்தியார் முலாம், ஹைட்ரஜன், பிஸ்கட்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். கேட்கக் கேட்க அவன் முகம் சிவந்தது.

"அப்ப உங்களைக் கொல்லப் பாத்தேன்னு சொல்றீங்களா மாமா? மூட்டையைப் போட்டு விடுங்க. உடைஞ்சா பேசுங்க, ஒத்துக்கறேன்."

இரண்டு சீட்டிலும் ஆணி மூட்டைகள் ஏறின. கறாரம்மா கொக்கியைத் தட்டினாள். தொம்மென்று விழுந்த விமானம் அமுங்கி, எழுந்து, நின்றது. ஸ்பிரிங்குகள் முன்னைவிட மினுங்கின.

"பாத்தீங்களா! பாத்தீங்களா!" தம்பி குதித்தான். "புத்தகத்துல இருக்கறதெல்லாம் சரியா? ஆசையா செஞ்சவன் மேல இப்படிப் பழி போடுறீங்களே!"

"தப்புதான் மாப்ளே. மனசுல வச்சுக்காத" என்று வாத்தியார் ஆரம்பித்தார்.

"மன்னிப்பு வேற கேக்கறீங்களா?" கறாரம்மா கத்தினாள்.

"நீ பேசாத அக்கா. சின்ன வயசுலேருந்து நான் எது செஞ்சாலும் உனக்கு நொட்டை!"

"செய்யறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கியாடா நீ?"

"கேட்டா நீ வேண்டாம்னுதானே சொல்லுவே!"

டிங்.

சின்னச் சத்தம், கரண்டி தரையில் விழுந்த மாதிரி. யாரும் தொடவில்லை. இடது பக்க ஸ்பிரிங்கிலிருந்து ஒரு வளையம் தெறித்து, உருண்டு வந்து தம்பியின் காலடியில் படுத்தது. விமானம் மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்து, இறக்கையின் நுனியைத் தரையில் ஊன்றியது.

"சும்மாதானே நின்னுச்சு" என்றான் தம்பி, குரலே எழாமல்.

"அது அப்படித்தான்" என்றார் வாத்தியார். "நிக்க நிக்க விரிசல் விடும்."

தம்பி வளையத்தைப் பார்த்தான், சீட்டைப் பார்த்தான், தரையில் கிடந்த ஒரு மூட்டை மேல் பொத்தென்று உட்கார்ந்தான். ஆனால் கறாரம்மாவின் கோபம் அவனைத் தாண்டிப் போய்விட்டிருந்தது.

"அவன் மடையன். அவனுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். அவன் முதுகுன்னதும் கூரை பறக்கற மாதிரி வாய் வந்துச்சு. உங்க முதுகுன்னா வராது. அது உங்களுக்கு மட்டும் சொந்தம்னு யார் சொன்னா?"

கொக்கியை மறுபடி மாட்டி, அவள் சங்கிலியை இழுத்து விமானத்தைத் தூக்கினாள். ஸ்பேனரை எடுத்து, உடையாமல் இருந்த ஸ்பிரிங்கைக் கழற்றினாள். அதை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"வாங்க சார். பளபளன்னு இருக்கு. உங்களுக்காகவே ஆசையா போட்டது. எடுத்துக்கலேன்னா நல்லாருக்காது."

"என்ன இது, தம்பி முன்னாடி?"

"சொல்லுங்க."

"வேண்டாம்."

"எனக்கே கேக்கலை."

"வேண்டாம்!"

"சரி மாமா" என்றான் தம்பி, தலையைக் குனிந்தபடி.

"என்னடா சரி? நீயும் வியாபாரிதானே. ஒரு தடவை வேண்டாம்னா விட்டுடுவியா?" ஸ்பிரிங்கை அவன் மடியில் போட்டாள். "மறுபடி கேளு."

தம்பி அதை இரண்டு கையாலும் ஏந்தி நீட்டினான். அழுகிற குரலில், "எடுத்துக்கோங்க மாமா" என்றான்.

வாத்தியார் வாயைத் திறந்தார். கறாரம்மா ஸ்பேனரைக் கீழே வைக்காமல் காத்திருந்தாள்.