மச்சக்கார வீடு

உடம்பெல்லாம் மச்சம் என்று அதிர்ஷ்டசாலிகளைச் சொல்வார்களே, அந்த பஸ் டிரைவரின் குடும்பத்தில் அது நிஜமாகவே இருந்தது. பால் விட்ட காபி நிறத்தில் திட்டுத் திட்டாக. மகள் பிறந்ததும் நாத்தனார் துணியை விலக்கிப் பார்த்து, "எங்க அண்ணன் முத்திரை அப்படியே விழுந்திருக்கு" என்று குதித்தாள். மூன்றாம் வகுப்பிலும் பிள்ளைக்கு எழுத்துக் கூட்ட வரவில்லை என்றதும் குதித்தவர்கள் கமுக்கமாக ஒதுங்கிக்கொண்டார்கள். மச்சம் அப்பா வீட்டுச் சொத்தாம், மந்தம் அம்மா வீட்டுச் சரக்காம். என்ன நியாயமோ!

டிரைவரின் மனைவியும் அதை நம்பித் தொலைத்தாள். பள்ளிக்கூடத்தை விட்டுப் பிள்ளையை நிறுத்திவிடக் கணவர் முடிவே கட்டிவிட்டார். கடைசியாக ஒரு டாக்டரிடம் காட்டலாம் என்று அவள்தான் மல்லுக்கட்டி அழைத்து வந்திருந்தாள்.

டாக்டரம்மா பிள்ளையின் முதுகையும் அக்குளையும் உற்றுப் பார்த்தார். "இந்தத் திட்டு வீட்ல வேற யாருக்காவது இருக்கா?"

டிரைவர் பெருமையாகச் சட்டைக் கையைச் சுருட்டினார். "எனக்குத்தான் மேடம். பரம்பரையே மச்சக்காரங்க."

"இது மச்சம் இல்லீங்க. பரம்பரையா வர்ற ஜீன் கோளாறு மாதிரி தெரியுது. ரத்தப் பரிசோதனை பண்ணி உறுதி பண்ணிக்கலாம். படிப்பு ஏறாததுக்கும் அதுதான் காரணம்னு நினைக்கிறேன்."

அவள் கணவரின் கையையும் மகளின் முதுகையும் மாறி மாறிப் பார்த்தாள். மச்சமும் மந்தமும் ஒரே வீட்டுச் சொத்தா!

"மூளை செல்லோட சுவர்ல பொடிப்பொடி வாசல் இருக்கு. அது வழியா உப்புச்சத்து போய் வந்தாத்தான் செய்தி ஓடும். இந்தக் கோளாறுல சில வாசல் சரியா வேலை செய்யறதில்லன்னு ஆராய்ச்சி சொல்லுது. பிரேக்ல கால வச்சுக்கிட்டே வண்டி ஓட்டுற மாதிரி. பிள்ளை சோம்பேறி இல்ல. சொல்லிக்குடுக்கிற விதத்த மாத்தினா படிப்பா."

இத்தனை வருஷம் வாங்கிய ஏச்சுக்கெல்லாம் பதில் அவள் நாக்கு நுனியில் வந்து நின்றது. நறுக்கென்று கேட்க வாயைத் திறந்தாள். அதற்குள் கணவர் கேட்டுவிட்டார்.

"மேடம், என்னையும் பெஞ்சு மேல ஏத்தி அடிச்சாங்க. எங்கப்பாவும் அடிச்சாரு. எழுத்து மண்டையில நிக்கவே இல்ல. அதுவும்... இதுதானா?"

படிப்பு பிடிக்காமல் தானே உதறிவிட்டு வந்ததாகத்தான் அவளிடம் அளந்திருந்தார்.

"இருக்கலாம்" என்றார் டாக்டர்.

டிரைவர் மகளின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் அவர் அடித்த தடம் அதில் இன்னும் சிவந்திருந்தது.