ஃப்ரிட்ஜ் பக்கத்தில் ஒரு ஜோடி செருப்பு

1

இது கேட்டு வாங்கப்பட்ட கதை. எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் மின்சாரப் பாடம் வறண்டு கிடக்கிறதாம். நடுவில் ஒரு கதையை நுழைத்தால் பிள்ளைகள் படிப்பார்களாம். பாடநூல் குழுவிலிருந்து பேசிய அம்மையார் மரியாதையாகத்தான் கேட்டார். மின்சுற்று வர வேண்டும், எர்த் வர வேண்டும், ஈரக் கையோடு எதையும் தொடக் கூடாது என்பதும் வர வேண்டும். பிறகு ஒரு நிபந்தனை போட்டார். கரண்ட் இருக்கிறதா என்று கதையில் யாரும் கையால் தொட்டுப் பார்க்கக் கூடாது.

"கதையில படிச்சதை அப்படியே செஞ்சு பாத்துடுவாங்க, பிள்ளைங்க" என்றார்.

அதற்கென்ன, எழுதிவிடலாம் என்று வாய் கொடுத்துவிட்டேன். என் கையில் இருந்ததோ ஒரே ஒரு கதை. அதன் முடிச்சை யாராவது கையால் தொட்டால்தான் அவிழ்க்க முடியும்.

அந்தக் கதை கிடைத்த இடத்தையும் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர் ஒருவர் வீட்டில் குடிக்கத் தண்ணீர் கேட்டேன். அந்த வீட்டம்மா ஃப்ரிட்ஜுக்கு முன்னால் கிடந்த ரப்பர் செருப்பில் காலை நுழைத்தார், கதவைத் திறந்து பாட்டிலை எடுத்தார், மூடினார், செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். அவ்வளவையும் செய்துகொண்டே மகனுடைய மார்க்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மனிதருக்கு எதுவும் பழகிவிடும் என்று நினைத்துக்கொண்டே தண்ணீரைக் குடித்தேன். அந்தச் செருப்பு மட்டும் நிஜம். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: "மின்சாரம் ஒரு நல்ல வேலைக்காரன், ஆனால்" [கட்டுரைப் போட்டி வாடை அடிக்கிறது. விட்டேன்.]

இரண்டாம் தொடக்கம்: "நடக்கப்போகும் விபரீதத்தை அறியாமல் அந்தக் குடும்பம்" [விபரீதம் எதுவும் நடக்க விடுவதாக இல்லை. இதையும் விட்டேன்.]

மூன்றாவது: டீச்சர் ஃப்ரிட்ஜைத் திறக்கச் செருப்பைத் தேடினாள். [இருக்கட்டும்.]

டீச்சர் பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுப்பவள். பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் ஃப்யூஸ் டீச்சர். கோபம் வந்தால் ஃப்யூஸ் மாதிரி பட்டென்று வெடிப்பாள், கொஞ்ச நேரத்தில் தானே சரியாகிவிடுவாள். அன்று காலை அவள் மேஜைமேல் ஒரு பேட்டரி, ஒரு குட்டி பல்பு, இரண்டு துண்டு வயர். வீட்டை விட்டுக் கிளம்பும் மின்சாரம் வீடு திரும்பியாக வேண்டும், திரும்ப வழியில்லை என்றால் அது கிளம்பவே கிளம்பாது என்று சொல்லி, ஒரு வயரை எடுத்துக் காட்டினாள். பல்பு அணைந்தது. போய்த் திரும்பும் அந்த முழு வழிக்குத்தான் மின்சுற்று என்று பெயர்.

இரும்புப் பெட்டி மாதிரியான ஒரு சாமானுக்குள் வயரின் மேலுறை நைந்துபோனால் பெட்டி முழுக்க மின்சாரம் வந்து நிற்கும். மண் வழியாக வீடு திரும்ப முடியாதா என்று பார்த்திருக்கும். வெறுங்காலோடு ஒருவர் தொட்டால் அவரே வழி. அப்படி ஆகாமல் இருக்கத்தான் ப்ளக்கில் மூன்றாவதாக ஒரு தடித்த பின் இருக்கிறது. அதற்குப் பின்னால் ஒரு வயர் வீட்டுக்கு வெளியே மண்ணுக்குள் போகிறது. கசிகிற மின்சாரம் மனிதரைத் தேடாமல் அந்தச் சுலபமான வழியில் இறங்கிவிடும். அதிகமாக இறங்கினால் ஃப்யூஸ் போய்விடும்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். அவள் வீட்டு ஃப்ரிட்ஜ் தொட்டால் சுர்ரென்கிறதாம். செருப்புப் போட்டுக்கொண்டு திறக்கச் சொல்கிறாளாம் அம்மா. அது சரியா என்று கேட்டாள். செருப்பு வழியைத்தான் அடைக்கும், கசிவு அங்கேயேதான் இருக்கும் என்றாள் டீச்சர். நீ தொடாதே, மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடும்படி அம்மாவிடம் சொல் என்றாள். அட்சரம் பிசகாத பதில்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள், ஃப்ரிட்ஜ் முன்னால் கிடந்த செருப்பில் காலை நுழைத்தாள். ஊருக்குத்தான் உபதேசம்.

3

அந்த வீட்டுக்கு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட முடியாது. அவர் வீட்டிலேயே இருக்கிறார். டீச்சருடைய மாமனார்.

[கணவன் எங்கே என்று கேட்பீர்கள். வேலை வெளியூரில், வாரக் கடைசியில் வருவான். கதைக்கு அவனால் பெரிய உபயோகமில்லை. வீட்டுக்கும் அப்படித்தான் என்பது டீச்சரின் கருத்து.]

அந்தத் தெருவில் பாதி வீடுகள் மாமா வயரிங் செய்தவை. இப்போதும் ஸ்விட்ச் பெட்டி புகைந்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. கரண்ட் இருக்கிறதா என்று புறங்கை விரலால் தட்டிப் பார்ப்பார். அடித்தால் கை தானாக உதறி விலகிவிடும் என்பது அவர் கணக்கு.* மகன் வாங்கிக் கொடுத்த டெஸ்டர் கவர் பிரிக்காமல் மேஜை டிராயரில் கிடக்கிறது. விரல் இருக்கும்போது அது எதற்கு என்பார்.

* அம்மையார் கவனத்துக்கு: பழக்கத்தைச் சொன்னேனே தவிர, யாரும் செய்வதாகக் காட்டவில்லை. தொழில் தெரிந்த பலரைக் கொண்டுபோன கெட்ட பழக்கம் இது.

ஆறு மாதம் முன்பு ஃப்ரிட்ஜ் சுர்ரென்று கடிக்கத் தொடங்கியபோது டீச்சர் மாமாவிடம் சொல்லத்தான் செய்தாள். அவர் வந்து தன் வழக்கப்படி பார்த்துவிட்டு, "எங்கம்மா? ஒண்ணுமில்லையே" என்றார். [பார்த்தார் என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.] இந்த வீட்டு வயரிங்கிலேயே ஷாக்கா என்று சிரித்துக்கொண்டும் போனார்.

முதல் வரைவில் இவரை வீம்பு பிடித்த கிழவராக எழுதினேன். மனிதர் ஒத்துழைக்கவில்லை. மின்வெட்டு வந்தால் முதல் ஆளாக டார்ச்சோடு வந்து, திருத்தும் பேப்பர்மேல் வெளிச்சம் விழும்படி மருமகள் பக்கத்தில் நின்றிருப்பவர் அவர். கை வலிக்கும் மாமா, உட்காருங்கள் என்றாலும் உட்கார மாட்டார். இப்படிப்பட்டவரை எப்படி வில்லனாக்குவது? அவர் பொய்யும் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே எதுவும் தெரியவில்லை.

அவருக்குச் சர்க்கரை உண்டு. காலில் புண் வந்தால் ஆறாது, வீட்டுக்குள்ளும் செருப்பில்லாமல் நடக்காதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் அவர் கால் தரையில் படுவதே இல்லை. அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. ஒருநாள் அடுப்பிலிருந்து பால் பாத்திரத்தைத் துணியில்லாமல் இறக்கி வைத்தார். விரல்கள் சிவந்து கொப்பளித்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. டீச்சர் பார்த்துவிட்டதைப் பார்த்ததும் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

ஃப்ரிட்ஜில் கசிவு இருக்கிறது என்று நிரூபித்தால் மாமாவின் விரலில் உணர்ச்சி இல்லை என்பதும் கூடவே நிரூபணமாகிவிடும். வாயில் போட்ட சூடான பண்டம் மாதிரி, டீச்சரால் முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. பேசாமல் ஒரு ஜோடி செருப்பு வாங்கிப் போட்டாள்.

4

நாத்தனார் போன் செய்தாள். நாளை குழந்தையோடு வருகிறாளாம். "எதைப் பாத்தாலும் பிடிச்சுக்கிட்டு எழுந்து நிக்கிறா அண்ணி. ஒரு இடத்துல இருக்க மாட்டேங்கிறா."

தவழும் குழந்தைக்கு எந்த அளவில் ரப்பர் செருப்பு கிடைக்கும்?

ஈரக் கையைத் தரையில் ஊன்றி ஊன்றி வந்த குழந்தை, ஃப்ரிட்ஜ் கதவைப் பார்த்ததும் [இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். முடித்தால் பாடம் நன்றாக மனதில் பதியும் என்று ஒரு நண்பர் சொன்னார். பதிய வேண்டாம்.]

போனை வைத்த கையோடு டீச்சர் செருப்பை மாட்டி, ஸ்விட்சை அணைத்து, ப்ளக்கைப் பிடுங்கினாள். கதையிலேயே சிரமமில்லாமல் எழுதிய வரி இது. ஆறு மாதம் முன்பே எழுதியிருக்கலாம்.

பிறகு வெளியே போய், எர்த் வயர் சுவரோடு இறங்கும் இடத்தைக் குனிந்து பார்த்தாள். மண்ணுக்குள் போகும் குழாயில் அதைப் பிடித்திருந்த கிளாம்ப் துருப்பிடித்து உதிர்ந்து, வயர் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. டீச்சருக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. மாமாவின் வயரிங்கில் குற்றமில்லை, காலம் செய்த வேலை. ஓடிப்போய் அவரைக் கூட்டிவந்து காட்டினாள்.

அவர் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார்.

"இது விட்டுப் போயி நாளாச்சு போல" என்றார். "அப்ப ஃப்ரிட்ஜ் அடிச்சிருக்குமே."

"ஆமா மாமா."

அவர் தன் விரல்களைத் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப எனக்கு ஏன்மா தெரியல?"

5

இங்கே வந்து நான் பல நாள் உட்கார்ந்துவிட்டேன். இதற்குமேல் என்ன நடக்க வேண்டும் என்பது கதை சொல்லும் எவருக்கும் தெரியும். அவர் செருப்பைக் கழற்ற வேண்டும், ப்ளக்கைச் சொருகச் சொல்ல வேண்டும், வெறுங்காலோடு நின்று கையை நீட்ட வேண்டும். வாசகர் மூச்சைப் பிடித்துக்கொள்வார். நிபந்தனை போட்ட அம்மையாரை அத்தனை நாளும் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகு உறைத்தது. கைத்தட்டல் எனக்கு, ஷாக் அவருக்கு. அம்மையார் சொன்னதே சரி. ப்ளக் வெளியே கிடக்கட்டும்.

டீச்சர் பதில் சொன்னாள்: "செருப்பு போட்டிருந்தீங்க மாமா. வழி அடைஞ்சிருந்துச்சு. எனக்கும் செருப்போட தொட்டா தெரியாது."

பரீட்சையில் எழுதினால் முழு மார்க் கிடைக்கும் பதில். பொய் ஒரு சொல்கூட இல்லை. மாமாவின் முகம் தெளிந்தது. டீச்சர்னா டீச்சர்தான் என்று சொல்லிவிட்டு வேலையில் இறங்கினார். மெயினை அணைத்தார், குழாயின் துருவைச் சுரண்டினார், புதுக் கிளாம்ப் போட்டு வயரை இறுக்கினார், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் உறை நைந்திருந்த வயரையும் மாற்றினார். டீச்சர் டிராயரிலிருந்து டெஸ்டரை எடுத்துக் கவரைப் பிரித்தாள். மெயினைப் போட்டு, ப்ளக்கைச் சொருகி, ஃப்ரிட்ஜில் டெஸ்டரை வைத்துப் பார்த்தாள். அதிலிருந்த குட்டி விளக்கு எரியவில்லை. டெஸ்டரை ஃப்ரிட்ஜ்மேல் வைத்தாள், செருப்பைக் கொண்டுபோய் வெளியே போட்டாள்.

மறுநாள் குழந்தை வந்தது. நேராகப் போய் ஃப்ரிட்ஜைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, திரும்பித் தாத்தாவைப் பார்த்துச் சிரித்தது.

முற்றும் என்று எழுதினேன். அம்மையார் கேட்டதெல்லாம் வந்துவிட்டது. அனுப்புவதற்கு முன் ஒருமுறை படித்தேன், பயந்துவிட்டேன். ஆபத்து ஃப்ரிட்ஜை விட்டுத்தான் போயிருக்கிறது, விரலை விட்டுப் போகவில்லை. முழு மார்க் பதிலுக்குள் பாதி உண்மை பத்திரமாக ஒளிந்திருக்கிறது.

[முற்றும் என்பதை அடித்துவிட்டேன்.]

6

குழந்தை தூங்கிய பிறகு பக்கத்துத் தெருவிலிருந்து ஆள் வந்தது. குளியலறைச் சுவரில் ஷாக் அடிக்கிறதாம், கொஞ்சம் வந்து பார்க்க வேண்டுமாம். இதோ வருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டு மாமா பையை எடுத்துக்கொண்டார். கூப்பிட்டுவிட்டார்கள் என்ற உற்சாகம் அவர் நடையிலேயே தெரிந்தது. ஈரத் தரை. செருப்பை வாசலில் விட்டுவிட்டுப் போகச் சொல்வார்கள். அவர் விரலை நம்புவார். அந்த விரல் எதுவும் சொல்லாது.

டெஸ்டர் ஃப்ரிட்ஜ்மேலேயே இருக்கிறது.

டீச்சர் அதை எடுத்துக்கொண்டு ஓடினாள். அவர் வெளிக்கதவுப் பக்கம் போய்விட்டிருந்தார்.

"மாமா."

திரும்பினார். முதலில் அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு அவள் கையிலிருந்ததைப் பார்த்தார். சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. அவருக்கு முன்பே தெரியுமோ என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. பால் பாத்திரத்தை இறக்கிய அன்றிலிருந்தே தெரிந்திருக்கலாம்.

"என்னம்மா?"

"மாமா, உங்க கை

இதற்குமேல் எனக்கு வரவில்லை. உண்மையைச் சொன்னால் அவருக்குத் தொழில் போகும். சொல்லாவிட்டால் அவரே போய்விடுவார். எந்தச் சொல்லில் தொடங்கினால் அவர் தலை குனியாமல் கேட்டுக்கொள்வார் என்று டீச்சருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. உங்கள் வீட்டிலும் ஒரு பெரியவர் இருப்பார். உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

வெளிக்கதவின் தாழ்ப்பாளை நான் இன்னும் திறக்கவில்லை. நீங்கள் சொல்லி முடித்து, டெஸ்டரை அவர் கையில் கொடுத்த பிறகு திறக்கிறேன்.