முகவாய் உயரம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு விருந்தில் கிடைத்தது. எதிரே உட்கார்ந்திருந்தவரின் முகத்தை நான் கடைசிவரை பார்க்கவில்லை. நடுவில் ஒரு ஜாடி, அதில் காடு மாதிரி இலைகள். அந்தப் பக்கத்திலிருந்து "உப்பைக் கொஞ்சம் தள்ளுங்க" என்று ஒரு குரல் மட்டும் வந்தது. தள்ளினேன். வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் தோன்றியது: இப்படி ஒரு ஜாடியை யாராவது வேண்டுமென்றே வைத்தால்?

ஆக, தொடங்குகிறேன்.

அவள் பூக்களை மேசைமேல் பரப்பி, ஒவ்வொன்றாக

(வேண்டாம். பூவில் ஆரம்பித்தால் கல்யாணக் கதை என்று நினைத்துக்கொள்வீர்கள்.)

2

ஒரு அக்கா, ஒரு தங்கை. அக்காவுக்குத் தொழில், பிறர் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு நடுவில் வைக்கும் பூ அலங்காரம். கடைப் பூவை அவ்வளவாக வாங்கமாட்டாள். ஓடைக்கரைப் பாசி, வேலியோரப் பெரணி, காற்றில் முறிந்த கிளை, கூழாங்கல், இடையில் நாலைந்து வெள்ளைப் பூ. தோட்டத்தின் ஒரு மூலையைப் பெயர்த்து வைத்தது போல இருக்கும். வாடிக்கையாளர்களிடம் ஒரே ஒரு சட்டம்தான் பேசுவாள்.

"முழங்கையை மேசைல ஊனி, கைமேல முகவாயை வெச்சுப் பாருங்க.* பூ அதுக்கு மேல போகக் கூடாது. பூவோட பேசவா வந்திருக்காங்க?"

அப்படிப்பட்டவள் அன்று தன் வீட்டு மேசையில் நட்டுவைத்த கிளை, உட்கார்ந்தவர் தலைக்கும் மேலே போனது.

* ஒரு தடவை செய்து பாருங்கள். கதை காத்திருக்கும்.

3

அக்காவுக்கும் தங்கைக்கும் என்ன சண்டை? முதலில் நகை என்று எழுதியிருந்தேன். வசதியான காரணம், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். ஆனால் நகைக்காக அவ்வளவு உயரமான கிளையை யாரும் தேடிப்போக மாட்டார்கள். அடித்துவிட்டேன்.

அம்மா படுத்த படுக்கையானபோது கூட இருந்தவள் தங்கை. அக்கா போன் செய்தபோதெல்லாம், "அம்மா நல்லாத்தான் இருக்காங்க, நீ வேலைய முடிச்சுட்டு வா" என்றாள். அம்மாதான் அப்படிச் சொல்லச் சொல்லியிருந்தாள், பெரியவள் பதறிப்போவாள் என்று. யாரோ ஒருவர் வீட்டு மேசைக்குப் பூ அடுக்கிவிட்டு அக்கா போய்ச் சேர்ந்தபோது அம்மா இல்லை. வாசலிலேயே தங்கையிடம் சொன்னாள்: "இனிமே உன் முகத்துலயே முழிக்க மாட்டேன்."

கோபத்தில் எல்லோரும் சொல்வதுதான். அதை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றுகிறவர்கள் அபூர்வம்.

அதோடு பேச்சு நின்றது. போன வாரம் தங்கை, அக்காவின் கணவருக்குப் போன் செய்தாள். "மாமா, ஒரு வேளை சாப்பிட வரட்டுமா?" அவர் "வாம்மா" என்று சொல்லிவிட்டு, மனைவியிடம் மென்று விழுங்கிக்கொண்டு விஷயத்தைச் சொன்னார்.

"வரட்டும்," என்றாள் அக்கா. "முகத்துல முழிக்க மாட்டேன்னுதான் சொன்னேன். சாப்பாடு போட மாட்டேன்னு சொல்லல."

(வரவும் வேண்டும், பார்க்கவும் கூடாது. இப்படி ஒருத்தி இருப்பாளா என்ற சந்தேகத்தில் கொஞ்ச நாள் எழுதாமல் கிடந்தேன். பிறகு என் சொந்தக்காரர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். எழுதலாம் என்று பட்டது.)

4

கணவர் தட்டுகளோடு வந்தார். கிளையைப் பார்த்தார்.

"கொஞ்சம் உயரமா இருக்கோ?"

"மரம்னா உயரமாத்தான் இருக்கும்."

"இல்ல, முகவாய்..."

"தட்டை வைங்க."

வைத்தார்.

தங்கை வந்து அக்காவுக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். கணவர் வெயிலைப் பற்றிப் பேசினார், பேருந்தைப் பற்றிப் பேசினார், மறுபடி வெயிலுக்கே வந்தார். இலைகளுக்கு அடியில் தங்கையின் விரல்கள் மட்டும் தெரிந்தன. மெலிந்திருந்தன. அக்கா தண்ணீர் குடித்தாள்.

அடுத்து வருவது என் திட்டத்தில் இல்லை. பிறர் வீட்டுக்குப் போகும் கிளையை அக்கா நன்றாக உதறி, கழுவித்தான் அனுப்புவாள். இன்று உயரத்திலேயே குறியாக இருந்ததில் உதற மறந்துவிட்டாள்.

"அக்கா," என்றது இலைகளுக்கு அந்தப் பக்கம். "கம்பளிப்பூச்சி."

சின்ன வயதில் இதைச் சொல்லும்போதே தங்கை தெருவுக்கு ஓடியிருப்பாள். அக்கா அதைக் காகிதத்தில் ஏந்தி வெளியே விட்டபிறகுதான் வீட்டுக்குள் கால் வைப்பாள். அதே குரல்தான், இப்போது மெதுவாக வந்தது.

5

முடிவுகள்.

கணவர் அதை எடுத்துப் போட்டார் என்று எழுதினேன். அவரும் எழுந்தார். "நீங்க உக்காருங்க," என்றாள் அக்கா. அந்த முடிவு அதோடு சரி.

அக்கா கிளையை வெட்டினாள், இருவரும் கட்டிக்கொண்டு அழு

(எழுதும்போது எனக்கே கண் கலங்கிவிட்டது. அதனாலேயே நம்பிக்கை வரவில்லை.)

அக்கா பேசாமல் சாப்பாட்டை முடித்தாள் என்றும் எழுதலாம். எனக்கு மனசு வரவில்லை.

பூ வெட்டும் கத்தரிக்கோல் அக்காவின் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கிளையின் நடுக்கணுவில் வெட்டினால் பூச்சி மேல்பாதியோடு வெளியே போய்விடும், மிச்சம் சரியாக முகவாய் உயரத்துக்கு வந்து நிற்கும். நான் வெட்டினால் கதைக்காக வெட்டியதாகிவிடும். அதனால் பிடியை உங்கள் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன்.

எடுப்பதற்கு முன் ஒன்று மட்டும் பாருங்கள். கம்பளிப்பூச்சி, மேல்பாதியிலிருந்து தங்கையின் பக்கம் வளைந்து தொங்கும் சிறு கிளையில் இறங்கிக்கொண்டிருக்கிறது. அவள் கைக்கும் அதற்கும் இடையே ஒரு சாண்கூட இல்லை. அவள் இன்னும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.