சான்றிதழ் பூஜையில் இருக்கிறது

நெறிமுறை என்ற சொல்லை ஒரு மனுஷன் ஒரு காலைப்பொழுதில் எவ்வளவுதான் கேட்பான்? திருத்தணிக்கு வெளியே இருந்த அந்தத் தனியார் கல்லூரியில், சேர்க்கைப் பிரிவு ஆட்கள் எல்லோரையும் ஏசி ஹாலில் உட்காரவைத்துப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. அடுத்த மாதம் ஆய்வுக் குழு வருகிறது. அவர்களிடம் காட்டப் போட்டோ வேண்டும், அதற்குத்தான் இத்தனை ஏற்பாடும். பிரிவின் தலைவர் ஜெயப்பிரகாஷ் அதைக் காலையிலேயே ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

"அந்தம்மா என்ன சொன்னாலும் ஆங் ஆங்னு தலையாட்டுங்க. மத்தியானம் பிரியாணி. அப்புறம் கலந்துகிட்டதுக்கு சர்டிபிகேட் தருவாங்க, வாங்கிகினு கெளம்புங்க."

அந்தம்மாவின் பெயர் பர்ஹீன். அரக்கோணத்துக்காரர். கல்லூரி கல்லூரியாகப் போய்ப் பயிற்சி தருவது அவர் தொழில். எழுதி வைத்துப் படிக்காமல், எதிரே இருப்பவர்களின் முகத்தைப் பார்த்துப் பேசினார். தூங்கலாம் என்று வந்தவர்களுக்கு அது பெரிய தொல்லையாகப் போயிற்று.

"மாணவரோட ஒரிஜினல் சர்டிபிகேட்டை காலேஜ் வெச்சுக்கக் கூடாது. சரிபாத்துட்டு அப்பவே திருப்பிக் குடுத்துடணும். இது தெரியாதவங்க யாராவது இருக்கீங்களா?"

ஒருவரும் இல்லை. அந்தப் பிரிவிலேயே வேலை பார்க்கும் தணிகாசலத்துக்கு மற்றவர்களைவிட நன்றாகவே தெரியும். பக்கத்து அறை பீரோவின் சாவி அவன் பாக்கெட்டில்தான் இருந்தது. பீரோவுக்குள் மோகனப்ரியா என்ற பெண்ணின் மதிப்பெண் சான்றிதழும் மாற்றுச் சான்றிதழும் இருந்தன. அவளுக்குச் சென்னையில் அரசு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. ஒரிஜினலோடு போய்ச் சேர இன்று சாயந்திரம் ஐந்து மணி வரைக்கும்தான் நேரம். காலையிலேயே எடுத்துக் கொடுத்திருந்தால் அவள் இந்நேரம் ரயிலில் சென்னையை நெருங்கியிருப்பாள்.

மே மாதம் மணவூரில் அவள் வீட்டுக்குப் போய் அவற்றை வாங்கி வந்தவனும் இவன்தான். ஊரில் இந்த வேலைக்குப் பிள்ளை பிடிப்பது என்றே பெயர். பிள்ளை கையில் நிற்காது, சான்றிதழ் நிற்கும். அதனால் சான்றிதழைப் பிடிப்பார்கள், அது இல்லாமல் பிள்ளை வேறு கல்லூரியில் சேர முடியாது. பெண்ணின் அப்பா சுப்பன் கூலி வேலை செய்பவர், வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். அம்மா பூவம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கவரைக் கொடுத்தாள். சும்மா சரிபார்க்கத்தான் என்று சொல்லி இவன் வாங்கிக்கொண்டான்.

போன வாரம் பூவம்மாள் கல்லூரிக்கு வந்தாள். "பாப்பாவுக்கு கவர்மெண்டுல கெடச்சிகிதுங்க. காயிதத்தக் குடுத்தீங்கன்னா சேத்துட்டு வந்துடுவோம்" என்றாள். சேர்மன் ஊரில் இல்லை, சாவி காணவில்லை என்று இவர்கள் வழக்கமாகச் சொல்வது நிறைய உண்டு. அவற்றுக்கெல்லாம் ஜனங்கள் இப்போது சத்தம் போடப் பழகிவிட்டார்கள். சத்தமே போட முடியாத ஒன்றைத் தணிகாசலம் அன்று சொன்னான்.

"சர்டிபிகேட்டெல்லாம் மலைமேல பூஜைல இருக்குதும்மா. ஆடிக் கிருத்திகை முடியற வரைக்கும் நடுவுல எடுக்கக் கூடாது."

முழுப் பொய்யும் இல்லை, அதுதான் இதில் அசிங்கம். வருஷா வருஷம் முதலில் சேரும் சான்றிதழ்க் கட்டை மலைக்கு எடுத்துப் போய், முருகன் சந்நிதியில் அர்ச்சனை செய்து, நோட்டீஸுக்குப் படம் பிடிப்பது கல்லூரியின் வழக்கம். கட்டு அன்றைக்கே கீழே இறங்கிவிடும். பூவம்மாள் அந்த நோட்டீஸைப் பார்த்திருந்தாள். கேட்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"சாமிகிட்டயா கீது? அப்ப பயமில்ல." கொண்டுவந்திருந்த வேர்க்கடலைப் பையை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். அன்றிரவு தணிகாசலத்தின் வீட்டில் அதை அவித்து எல்லோரும் சாப்பிட்டார்கள். அவன் மட்டும் கை வைக்கவில்லை.

தணிகாசலம் என்பது பெற்றவர்கள் அந்த மலைக்கு நேர்ந்துகொண்டு அவனுக்கு வைத்த பெயர். பொய் சொல்வதற்கு வேறு இடமே கிடைக்கவில்லையா என்று தன்னையே கேட்டுக்கொண்டான். அன்றிலிருந்து வண்டியில் போகும்போது மலைப் பக்கம் திரும்புவதில்லை. அந்தப் பெண்ணின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் அடித்து ஓயட்டும் என்று விட்டுவிடுவான்.

"சார், நீங்க வாங்க" என்று பர்ஹீன் கூப்பிட்டது இவனைத்தான். "நான் பொண்ணோட அம்மா. ஒரிஜினலைத் திருப்பிக் கேட்டு வந்திருக்கேன். நீங்க நீங்களாவே இருங்க."

அவன் எழுந்து போய் அவர் எதிரே நின்றான். பர்ஹீன் புடவைத் தலைப்பைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு, "சார், எம் பொண்ணுக்கு வேற எடம் கெடச்சிருக்கு. சர்டிபிகேட் வேணுங்க" என்றார். பூஜை, மலை என்றெல்லாம் அவன் வாய்வரைக்கும் வந்துவிட்டது. பின்வரிசையில் ஜெயப்பிரகாஷ் செல்போனை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"ரொம்ப சந்தோஷம்மா. உக்காருங்க. இப்பவே எடுத்துத் தரேன். எல்லாம் சரியா இருக்குதான்னு பாத்து வாங்கிக்குங்க" என்றான் தணிகாசலம்.

ஹாலே கைதட்டியது. பர்ஹீனும் தட்டினார். "பாத்தீங்களா, ஒரு நிமிஷ வேலை" என்றார். அவர் மனதாரச் சொன்னார். இவனுக்கு அறை வாங்கியதுபோல் இருந்தது.

சாப்பாட்டின்போது ஜெயப்பிரகாஷ் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். "சார், மணவூர் பொண்ணு ஒண்ணு இருக்குது. இன்னிக்குக் கடைசி நாள். குடுத்துடலாம் சார்."

"சாவி உங்கிட்டதானே கீது? எங்கிட்ட எதுக்குக் கேக்கற?" எலும்பைத் தட்டின் ஓரத்தில் வைத்தார் ஜெயப்பிரகாஷ். "எடுத்துக் குடு. ஒண்ணு குடுத்தா நாலு பேர் கேட்டு வந்து நிப்பாங்க, அதையும் நீயே பாத்துக்கோ. சேர்மன் கேட்டா யார் குடுத்ததுன்னு சொல்லிடுவேன், அவ்வளவுதான்."

தடுத்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும். தடுத்தார் என்று சொல்லிக்கொள்ளலாம். சாவியை இவன் கையிலேயே விட்டுவிட்டுத் தயிர் கேட்டு வாங்கிக்கொண்டார். தணிகாசலம் கை கழுவிவிட்டு பீரோவைத் திறந்து அவள் கவரை எடுத்துச் சட்டைக்குள் செருகினான். அப்போதே கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் மதிய வகுப்பு தொடங்கிவிட்டது, நடுவில் எழுந்து போனால் எல்லோரும் பார்ப்பார்கள். கேள்வித்தாள் கொடுத்தார்கள். எல்லாக் கேள்விக்கும் சரியான விடை எழுதினான். பிறகு போட்டோ எடுத்தார்கள். சிறந்த பங்கேற்பாளர் என்று அவன் பெயரைச் சொல்லி பர்ஹீன் ஒரு சான்றிதழ் கொடுத்தார். இன்னொருத்தியின் சான்றிதழ் சட்டைக்குள் வயிற்றை உறுத்த, சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டான்.

வெளியே வந்து சுப்பனுக்கு போன் போட்டபோது மணி மூன்றரைக்கு மேல்.

"அம்மாவும் பொண்ணும் காலைலயே மலைக்குப் போய்ட்டாங்க சார்" என்றார் சுப்பன். "சாமிதான் வெச்சினுகிறாரு, அவருகிட்டயே கேக்கறேன்னுச்சு அவங்கம்மா. முடி எறக்கறதா நேந்துகினுகிது."

தணிகாசலம் போனை வைத்தான். வண்டியை எடுத்தான். மலைப் பாதையில் வேன்களும் பேருந்துகளும் நெருக்கிக்கொண்டு ஏறின. ஐந்துக்குள் சென்னை என்பது நடக்காத காரியம், கணக்குப் போட ஒன்றும் இல்லை. ஆனாலும் வேகமாகவே ஓட்டினான். மெதுவாகப் போக வெட்கமாக இருந்தது.

முடி காணிக்கை மண்டபத்துக்கு வெளியே மோகனப்ரியா தனியாக நின்றிருந்தாள். இவனைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஆச்சரியம்கூட வரவில்லை.

"கோயில் ஆபீசுல கேட்டேன் சார். அப்படி எதுவும் இங்க வெச்சுக்கறதே இல்லயாம். அர்ச்சனை பண்ணி அப்பவே குடுத்துடுவாங்களாம்."

அவன் கவரை நீட்டினான். அவள் வாங்கிப் பிரித்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"நான் வேணா அந்தக் காலேஜுக்கு போன் பண்ணிப் பேசறேன். ஒரு நாள் டைம் கேப்போம்" என்றான்.

"நேத்தே கேட்டேன் சார். வெயிட்டிங்ல ஆள் இருக்காங்களாம், தர மாட்டாங்களாம்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நைனாகிட்ட நான் சொல்லிக்கறேன். அம்மாகிட்ட மட்டும் ஒண்ணும் சொல்லாதீங்க. அது சாமி மேல எவ்வளவு நம்பிக்கை வெச்சிருக்குதுன்னு எனக்குத் தெரியும். அதுவும் போயிடக் கூடாது."

அதற்குள் பூவம்மாள் மண்டபத்திலிருந்து வந்துவிட்டாள். மொட்டைத் தலையில் சந்தனம் இன்னும் ஈரமாக இருந்தது. முடி போனபின் முகம் சின்னதாகி, வேறு யாரோ போல் தெரிந்தாள். மகள் கையில் இருந்த கவரைப் பார்த்தாள், இவனைப் பார்த்தாள். அப்படியே சந்நிதிப் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள்.

"எறக்கி முடிக்கல, அதுக்குள்ள குடுத்துட்டாரு பாரு. உங்க கைல குடுத்தனுப்பினாரா சார்? நல்லா இருப்பீங்க நீங்க."

மோகனப்ரியா இவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலையாட்டினால் போதும், சாமி கொடுத்தார் என்று இந்த அம்மா சந்தோஷமாக இறங்கிப் போவாள். இடம் போனதையும் சாமியே வேண்டாம் என்று நினைத்தார் என்று எடுத்துக்கொள்வாள். ஒருவேளை இவர்கள் கல்லூரியிலேயே பெண்ணைச் சேர்த்தும்விடுவாள். அதை நினைத்தபோதுதான் தணிகாசலம் வாயைத் திறந்தான்.

"சாமிகிட்ட இல்லம்மா" என்றான். "ஒரு நாளும் இருந்ததில்ல. என் பீரோவுலதான் இருந்துது. சாவியும் எங்கிட்டதான். நான் பொய் சொன்னேன். பாப்பாவுக்கு அந்த எடம் போயிடுச்சு."

மோகனப்ரியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பூவம்மாளுக்கு முதலில் பிடிபடவில்லை. பீரோவுலயா என்று மெதுவாகக் கேட்டாள். அவன் ஆமாம் என்றான். அவள் கை மேலே போய், முடி இல்லாத தலையைத் தடவி, சந்தனத்தோடு கீழே இறங்கியது. கோபத்தை அவள் முகத்தில் தேடினான். வந்திருந்தால் அவன் நிம்மதியாக வாங்கிக்கொண்டிருப்பான்.

"உங்ககிட்டதான் இருக்குதுன்னு சொல்லியிருந்தா," என்றாள் பூவம்மாள், "உங்களுக்கே நேந்துகினு இருப்பேனே சார்."